கண்ணாடி போனால் போகட்டும், படம் பத்திரம்

தம்பி, அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் குடிபெயரக் கிளம்புகிறீர்கள். ஃப்ரேம் போட்ட படங்கள் 11 இருக்கின்றன, கப்பல் சாமானோடு உடையாமல் எப்படி அனுப்புவது, வாடகை வீட்டில் மாட்ட முடியாவிட்டால் எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பிள்ளைகளின் பள்ளி, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம். அவையெல்லாம் வந்து இறங்கிய பிறகு தானாக நடக்கும். சொல்லிக்கொடுக்கவும் ஆயிரம் பேர் வருவார்கள். படத்தைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. எனக்கும் அன்று யாரும் சொல்லவில்லை.

நான் வந்தபோது என் பெற்றோரின் கல்யாணப் படத்தை சூட்கேஸில் படுக்க வைத்து, மேலும் கீழும் இரண்டிரண்டு கம்பளிச் சட்டையைப் போட்டேன். மெத்தையில் கிடத்தியது போலத்தானே என்று நினைப்பு. இங்கே வந்து திறந்தால் சட்டைக் கையெல்லாம் கண்ணாடித் துகள் மினுங்குகிறது. கண்ணாடி போனது பெரிதில்லை, அரை நாளில் வேறு வெட்டி வாங்கிவிடலாம். உடைந்த ஒரு சில்லு வழியெல்லாம் உரசி, அப்பாவின் கன்னத்திலிருந்து காதுவரை வெள்ளையாய் ஒரு கோடு இழுத்திருந்தது. நெகட்டிவ் எப்போதோ தொலைந்துபோனது. தாத்தாவுக்கு அங்கே வெட்டுக்காயமா என்று என் மகள் கேட்டிருக்கிறாள்.

அதனால் முதலில் படத்தையும் கண்ணாடியையும் பிரியுங்கள். ஃப்ரேமின் முதுகைத் திறந்து படத்தை எடுத்து, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்துக் கைப்பையில் கொண்டுவாருங்கள். அதற்கு முன் ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். ஈரக்காற்றில் புகைப்படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதைக் கண்ணாடிக்கு மேலாகவே ஸ்கேன் செய்துவிட்டு, அப்படியே கட்டுங்கள்.

ஃப்ரேமோடுதான் வர வேண்டும் என்றால், கண்ணாடியின் மேல் மூலைக்கு மூலை பெருக்கல் குறியாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். டேப் உடைவதைத் தடுக்காது, உடைந்த சில்லு நகர்ந்து படத்தைக் கீறாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். மரத்தில் படாமல் ஒட்டுங்கள், வந்ததும் உரித்துவிடுங்கள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடு போட்டிருந்தால் ஒட்டவே வேண்டாம். அப்புறம், அச்சடித்த செய்தித்தாளால் சுற்றாதீர்கள், மை ஒட்டும். வெள்ளைத் தாளைச் சுற்றி, நான்கு மூலைக்கும் அட்டையை மடித்துக் கவசம் போட்டு, அதற்கு மேல் பபிள் ராப். பின்பக்கக் கொக்கியையும் கம்பியையும் கழற்றிவிடுங்கள். என் இரண்டாவது வீடுமாற்றத்தில் ஒரு படத்தின் கொக்கிதான் அடுத்ததன் கண்ணாடியைக் குத்தியது.

பெட்டிக்குள் படங்கள் நிற்க வேண்டும், படுக்கக் கூடாது. படுத்தால் மேலே உள்ளவற்றின் பாரம் முழுவதும் அடிக்கண்ணாடியின் நடுவில் இறங்கும். முகத்தோடு முகம், முதுகோடு முதுகு, இடையிடையே அட்டை. மூடியபின் லேசாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே அசைந்தால் இன்னும் தாளைக் கசக்கித் திணியுங்கள். பெரிய பெட்டியை நிரப்பும் ஆசையும் வேண்டாம். 2 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ இருக்கும். தூக்குகிறவர் கைநழுவவிட்டால் நீங்கள் ஒட்டிய 'உடையும் பொருள்' சீட்டு ஒன்றும் செய்யாது. அந்தச் சீட்டை நம்பி நான் ஒரு பெட்டியை இழந்தேன். இழப்பீடு கேட்டால், நீங்களே கட்டிய பெட்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். காப்பீட்டில் அந்த வரியைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நம்மவர்களில் இரண்டு வகை உண்டு. எதையும் கொண்டுவராதே, எல்லாம் இங்கேயே கிடைக்கும் என்பவர்கள் ஒரு வகை. உங்கள் பாட்டியின் படம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். இன்னொரு வகையினர், சொந்த வீடு வாங்கியதும் மாட்டலாம் என்று நிலவறையில் பத்து வருஷம் பெட்டியைப் பூட்டி வைப்பார்கள். நண்பர் ஒருவர் அப்படி வைத்துத் திறந்தபோது, பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கி, படத்தில் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சை. நிலவறையும் பரணும் வேண்டாம். ஆட்கள் புழங்கும் அறையின் அலமாரி போதும். பிளாஸ்டிக்கை அவிழ்த்துவிட்டு, தாளும் அட்டையும் சுற்றி, தரையில் படாமல் நிறுத்தி வையுங்கள்.

ஆணி அடிக்கலாமா என்பதற்கு உங்கள் வாடகை ஒப்பந்தம்தான் பதில்.

இன்னொன்று. பெட்டி குளிர்காலத்தில் வந்து சேர்ந்தால் உடனே பிரிக்காதீர்கள். குளிரில் கிடந்த கண்ணாடி சூடான அறைக் காற்றில் வியர்க்கும், அந்த ஈரம் படத்தில் இறங்கும். ஒரு நாள் அறையிலேயே மூடிக் கிடக்கட்டும். எங்கள் இரண்டாவது சாமான் வந்தபோது அப்படித்தான் விட்டுவைத்தோம். வீட்டில் மேசை இன்னும் வரவில்லை, அன்று இரவு அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். எப்போது திறப்பது என்று மகள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.