தில்லானா மோகனாம்பாள் ரசிகருக்கு என்ன பரிசு வாங்கலாம்? கேள்வி பதில்

பழைய சினிமாத் தாள்களும் இசைத்தட்டுகளும் என் துறை. அதற்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

மதுரையிலிருந்து: அப்பாவுக்கு 70-ஆவது பிறந்தநாள். இந்தப் படம் என்றால் உயிர். படம் ஓடிய காலத்தில் விற்ற பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் ஸ்டேப்ளர் கம்பியைப் பாருங்கள். படம் வந்தது 1968-இல். அந்தக் காலத்துக் கம்பி என்றால் துரு தாளில் ஊறிப் பழுப்பு வட்டம் போட்டிருக்கும். அடுத்து தாள். மலிவான தாள் ஓரத்தில் முதலில் மஞ்சளாகி, மெல்ல மெல்லத்தான் உள்ளே பரவும். பக்கம் முழுக்க ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால், யாரோ டிகாக்‌ஷனில் நனைத்துப் பழசாக்கியிருக்கலாம். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போடுவது அன்றைய வழக்கம். ஆனால் அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நகல் எடுப்பவருக்கும் அந்த வரி தெரியும்.

அசலாக இருந்தால் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் உருகும் பசை தாளோடு ஒன்றிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. பாலியஸ்டர் உறையில் போட்டுக் கொடுங்கள்.

சேலம்: போஸ்டர் அசலா என்று போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது. கையில் வாங்கி மடிப்பைத் தடவுங்கள். பழைய போஸ்டரை ஸ்கேன் செய்து அச்சடித்தால் மடிப்புக் கோடும் சேர்ந்து அச்சாகிவிடும். கண்ணுக்குக் கோடு தெரியும், விரலுக்குத் தட்டாது. நகல் வாங்குவதில் தவறே இல்லை, நகல் விலை கொடுத்து வாங்குங்கள். சுவரில் வெயில் படுகிற இடமென்றால் நகல்தான் நல்லது.

ஈரோடு: போஸ்டரை லேமினேட் செய்தால் பூச்சி அரிக்காது அல்லவா?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கோவை: படம் பார்த்தவர்களிடம் இல்லாத ஏதாவது ஒன்று கொடுக்க ஆசை.

அப்படியானால் படத்துக்கு முந்தியதைத் தேடுங்கள். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர் இது. கோபுலு படம் வரைந்தார். நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமும் நாட்டியக்காரி மோகனாவும் முதலில் வாசகர்களுக்கு அறிமுகமானது அவர் கோட்டில்தான். அப்போதெல்லாம் வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, வீட்டிலேயே பைண்டு செய்து வைப்பார்கள். அப்படியொரு பைண்டு புத்தகம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். நடுநடுவே வேறு பக்கத்து விளம்பரம், ஓரத்தில் ஒரு பாட்டியின் பென்சில் குறிப்பு எல்லாம் இருக்கும். அவற்றை அழிக்கவே கூடாது. பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

தஞ்சாவூர்: பழைய இசைத்தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு என்றால் கூடவே கூடாது. அது அரக்கு, ஆல்கஹாலில் கரையும். பாட்டே போய்விடும். இன்னொன்று, பின்னால் வந்த எல்.பி. என்ற நீண்டநேரத் தட்டுக்கான ஊசியை அதில் வைக்காதீர்கள். 78-க்குப் பள்ளம் அகலம், தடித்த ஊசி வேண்டும். எந்தத் தட்டானாலும் செங்குத்தாக நிறுத்தித்தான் அடுக்க வேண்டும். பரிசாகக் கொடுக்கும் முன் அவர் வீட்டில் பிளேயர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சி: சிவாஜி கையெழுத்துப் போட்ட ஸ்டில் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது.

கையெழுத்து என் துறை இல்லை. அதில் தேர்ந்தவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கும்பகோணம்: நரசிங்கம்பேட்டையில் நிஜ நாதஸ்வரம் வாங்கி, மாமாவின் ஹாலில் மாட்டலாம் என்று நினைக்கிறேன்.

நான் பதில் எழுதுவதற்குள் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். திருவாரூர்க்காரர், “வாசிக்கத் தெரியாத வீட்டில் வாத்தியத்தை ஆணியில் மாட்டுவது அதற்குச் செய்கிற அவமரியாதை” என்கிறார். சென்னை அன்பர், “நாலு பேர் வாங்கினால்தானே ஆசாரி வீட்டில் அடுப்பெரியும்? மாட்டினால் என்ன, வாசித்தால் என்ன?” என்கிறார்.

சென்னைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2022-இல் அந்த ஊர் வாத்தியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் மட்டும் போதாது, ஆர்டரும் வர வேண்டும். ஆனால் அது ஆச்சா மரம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் வைரம் பாய்ந்த கட்டையைத் தேடி எடுத்துக் கடைகிறார்கள். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி ‘பாரி’ என்ற நீளமான நாதஸ்வரத்தைத் திருத்திச் செய்த ஊர் அது. அப்படி அரிதாகக் கிடைக்கும் மரத்தைக் கடைந்து செய்ததில் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) வைத்து ஊத ஆள் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

படத்தில் சிவாஜி விரல் அசைத்தார். ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். உங்கள் மாமா உருகுவது அந்த ஊதலுக்கும் சேர்த்துத்தானே? அதனால் இப்படிச் செய்யுங்கள்: வாத்தியத்தை வாங்குங்கள், மாமா கையாலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரம் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்க வையுங்கள். எது வாங்குவது என்று அந்தப் பிள்ளையின் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாலில், அவர் கொடுக்கும்போது எடுத்த போட்டோவை மாட்டலாம்.

(திருவாரூர்க்காரர் இதை ஒப்புக்கொண்டார். சென்னை அன்பர் இன்னும் வாதாடுகிறார். “ஹாலில் பார்த்துத்தான் பேரனுக்குக் கற்க ஆசை வரும்” என்கிறார். பேரன் கற்கத் தொடங்கினால் உடனே இறக்கிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதையும் ஏற்கிறேன்.)

நாமக்கல்: 500 ரூபாய்க்குள்?

தஞ்சாவூர் ஆட்டக்காரி தலையாட்டி பொம்மை. மோகனாவை நினைத்து வாங்குங்கள். காகிதக்கூழ் பொம்மை அது, ஈரத்துணியால் துடைக்கக் கூடாது.

வேலூர்: என்னிடம் உள்ள பாட்டுப் புத்தகம் என்ன விலை போகும்? லேமினேஷன் செய்து வைத்திருக்கிறேன்.

விலை சொல்வதில்லை. இனி ஒன்றையும் லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், அம்மா. இதை வீட்டிலேயே வைத்துப் பாடுங்கள்.