வைரஸை விட்டுவிட்டு செல்லுக்கு மருந்தா?

கேள்வி: வைரஸைத் தொடாமல் நம் செல்லைக் குறிவைக்கும் மருந்து உண்டாமே, டாக்டர்? நம்பலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தாராளமாக. ஹெச்.ஐ.வி.க்கு மாராவிராக் இருக்கிறதே! 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹெச்.ஐ.வி.யின் மேலுறையிலுள்ள ஜிபி120 புரதம், முதலில் வெள்ளையணுவின் மேலுள்ள சிடி4 என்ற புரதத்தைப் பற்றும். அப்புறம் அதே செல்லின் மேலுள்ள சிசிஆர்5 என்ற இன்னொரு புரதத்தையும் பற்றினால்தான் உள்ளே நுழைய முடியும். மாராவிராக் இந்த சிசிஆர்5-இன் இடுக்கில் போய் உட்கார்ந்து அதன் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடுகிறது. ஜிபி120-க்குப் பிடி கிடைப்பதில்லை.

நம் புரதத்தில் கைவைக்கலாமா என்கிறீர்களா? வட ஐரோப்பாவில் சுமார் நூற்றுக்கு ஒருவர் சிசிஆர்5 வேலை செய்யாமலே நலமாக வாழ்கிறார். அந்தத் தைரியம்தான்.

வைரஸும் லேசுப்பட்டதல்ல. சில ரகங்கள் சிசிஆர்5-க்குப் பதில் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு செல் புரதத்தின் வழியாக நுழையும். அவற்றிடம் இந்த மாத்திரை பலிக்காது. எந்த வழி என்று ரத்தத்தில் சோதித்த பிறகே எழுதிக் கொடுப்போம்.