மாடரேட்டர் எவ்வளவு வாய் திறக்கலாம்? மாஃபியா ஆட்டம் நடத்துபவர்களின் கேள்விகள்

வாட்ஸ்அப்பிலும் டிஸ்கார்டிலும் மாஃபியா, வேர்வுல்ஃப் நடத்துகிறவர்களின் கேள்விகள் இந்த முறை. ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆட்டத்தை நடத்தும் மாடரேட்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு ரோலை ரகசியமாகக் கொடுப்பார். ஊருக்குள் ஒளிந்திருக்கும் மாஃபியா ராத்திரி ஒருவரைக் கொல்லும், பகலில் ஊர் பேசி ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றும். டிடெக்டிவ் ராத்திரி ஒருவர் மாஃபியாவா என்று விசாரிப்பார், டாக்டர் ஒருவரைக் காப்பாற்றப் பார்ப்பார். எல்லாவற்றிலும் ஒரே கவலைதான்: எதைச் சொல்வது, எதை மறைப்பது. நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் குழுவில் 9 பேர். 2 மாஃபியா, ஒரு டிடெக்டிவ், ஒரு டாக்டர், மீதி 5 பேர் சாதாரண ஊர்க்காரர்கள். வெளியேறியவரின் ரோலைச் சொன்னால் சப்பென்று ஆகிவிடுகிறது என்கிறார்கள் பழைய ஆட்கள். சொல்லாவிட்டால் ஒன்றுமே புரியவில்லை என்கிறார்கள் புதியவர்கள். என்ன செய்வது?

இரண்டு தரப்பும் சொல்வது சரி. முதலில் கணக்கைப் பாருங்கள். முதல் பகலில் ஊர் தப்பான ஆளை வெளியேற்றினால் மிச்சம் 8 பேர். ராத்திரி ஒருவர் சாக, 7. இரண்டாம் பகலிலும் தப்பினால், அன்று ராத்திரிக்குப் பிறகு 5 பேர் இருப்பார்கள். அதில் 2 பேர் மாஃபியா. மூன்றாவது முறையும் தப்பினால் 2-க்கு 2, மாஃபியா எண்ணிக்கையில் சமமாகிவிடுவதால் ஊர் தோற்றது. ஆக, ஊர் இரண்டு தப்பு வரை தாங்கும். ரோலைச் சொல்லிக்கொண்டே வந்திருந்தால், 5 பேர் மிஞ்சிய பகலில் இதுதான் கடைசி வாய்ப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். சொல்லாவிட்டால் இருப்பது 2 மாஃபியாவா ஒருவரா என்பதே தெரியாது. (ஒருவராவது இருக்கிறார் என்பது மட்டும் உறுதி, ஆட்டம் இன்னும் முடியவில்லையே! நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் இது தானாகக் கசிந்துவிடும்.)

இதைவிடப் பெரிய விஷயம், செத்தவரின் ரோலை இன்னொருவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வது. டிடெக்டிவ் முதல் ராத்திரியே செத்துப்போனார், நீங்கள் ரோலைச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் பகலில் மாஃபியாக்காரர் ஒருவர் எழுந்து, "நான்தான் டிடெக்டிவ். நேற்று ராத்திரி இவரைப் பார்த்தேன், மாஃபியா" என்று ஒரு அப்பாவியைக் கைகாட்டுவார். மறுத்துப் பேச அசல் டிடெக்டிவ் உயிரோடு இல்லை. ரோலைச் சொல்லியிருந்தால் அந்தப் பொய் அவர் மனதில்கூட வந்திருக்காது. பழைய ஆட்களுக்கு இதுதான் ருசி, புதியவர்களுக்கு இதுதான் தலைவலி.

உங்களுடையது போன்ற கலவையான குழுவுக்கு, வெளியேறியவர் ஊர்ப்பக்கமா மாஃபியாவா என்று மட்டும் சொல்வது பொருந்தும். கணக்கு எல்லாருக்கும் தெரியும், பொய் சொல்லவும் இடம் இருக்கும். அமாங் அஸ் என்ற வீடியோ கேமில் (அங்கே மாஃபியாவுக்குப் பெயர் இம்போஸ்டர்) 'கன்ஃபர்ம் எஜெக்ட்ஸ்' என்றொரு அமைப்பு உண்டு. அதை ஆன் செய்தால் வெளியே வீசப்பட்டவர் இம்போஸ்டரா இல்லையா என்று திரையில் வரும். ஆஃப் செய்தால் வீசப்பட்டார் என்பது மட்டும்தான். அதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம்.

முழுக்க மறைக்க ஆசைப்பட்டால், ஊருக்கு வேறு பக்கத்திலிருந்து தகவல் வர வேண்டும். இதே வகை ஆட்டமான பிளட் ஆன் தி கிளாக்டவரில் செத்தவரின் பாத்திரம் என்ன என்று ஊருக்கு அறிவிப்பதே இல்லை. ஆனால் அதில் அண்டர்டேக்கர் என்ற பாத்திரத்துக்கு, பகலில் தூக்கில் போடப்பட்டவரின் பாத்திரம் அன்று ராத்திரி தெரிந்துவிடும். ஊர்ப்பக்கம் இன்னும் பலருக்குச் சின்னச் சின்னத் தகவல்கள் கிடைக்கும். செத்தவர்களும் தொடர்ந்து பேசலாம், அவர்களுக்குக் கடைசியாக ஒரு ஓட்டும் உண்டு. உங்கள் ஆட்டத்தில் தகவல் தருகிற ரோல் ஒன்றே ஒன்று. அதிலும் எல்லாவற்றையும் மறைத்தால் ஊர் இருட்டில் கல்லெறிய வேண்டியதுதான்.

டாக்டர் சரியான ஆளைக் காப்பாற்றிவிட்டார். காலையில் "இன்னாரை டாக்டர் காப்பாற்றினார்" என்று அறிவித்தேன். மாஃபியா அணி என் மேல் பாய்கிறது.

அவர்கள் கோபம் நியாயம். தாக்கப்பட்டவரின் பெயரைச் சொன்ன அந்த நிமிடமே அவர் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிட்டார். மாஃபியா தன் ஆளையே குறிவைக்கலாம் என்று உங்கள் விதியில் இருந்தாலொழிய, ஊருக்கு இலவசமாக ஒரு நிச்சயமான ஆளைக் கொடுத்திருக்கிறீர்கள். டாக்டர் உயிரோடு இருக்கிறார் என்பதும் கூடவே போய்விட்டது.

"நேற்று ராத்திரி யாரும் சாகவில்லை." அவ்வளவு போதும். மாஃபியா கொல்லாமலும் இருக்கலாம் என்று விதி வைத்தால் இந்த ஒரு வரிக்கே இரண்டு அர்த்தம் வந்து ஆட்டம் சூடுபிடிக்கும். காப்பாற்றினீர்கள் என்று டாக்டருக்குத் தனியாகச் சொல்லலாமா என்றால், நான் சொல்ல மாட்டேன். யாரும் சாகவில்லை என்பதிலிருந்து அவரே ஊகிக்கட்டும்.

டிடெக்டிவுக்கு மாடரேட்டரே பொய்யான முடிவைச் சொன்னார். "அது ஆட்டத்தின் பகுதி" என்கிறார். இது மோசடி இல்லையா?

ஆட்டம் தொடங்கும் முன் என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது.

காட்ஃபாதர் என்ற மாஃபியா ரோல் விசாரணையில் அப்பாவியாகத் தெரியும். மில்லர் என்ற ஊர்க்காரர் குற்றவாளியாகத் தெரிவார். இந்த ரோல்கள் இருக்கக்கூடும் என்று விதிப்பட்டியலில் போட்டிருந்தால், "அப்பாவி" என்ற பதிலை எவ்வளவு நம்புவது என்பது டிடெக்டிவின் பொறுப்பு. கிளாக்டவரில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். டிரங்க் என்ற ஆளுக்குத் தான் டிரங்க் என்பதே தெரியாது, தனக்கு வேறொரு நல்ல பாத்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஆட்டம் நடத்துகிற ஸ்டோரிடெல்லர் அவருக்குத் தாராளமாகப் பொய்த் தகவல் தரலாம். ஆனாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. டிரங்க் என்றொருவர் இருக்கலாம் என்பது மேஜையில் இருக்கிற எல்லாருக்கும் முதலிலேயே தெரியும். 'என் தகவல் பொய்யாக இருக்குமோ' என்ற சந்தேகமே அந்த ஆட்டத்தின் பாதி.

உங்கள் மாடரேட்டர் அப்படி எதுவும் அறிவிக்காமல், ஆட்டம் ஒரு பக்கம் சாய்கிறதே என்று நடுவில் பொய் சொல்லியிருந்தால், அது வேறு. நீங்கள் மாஃபியாவோடு ஆடிக்கொண்டிருந்தீர்கள், அவர் உங்களோடு ஆடிக்கொண்டிருந்தார். விதியே இல்லாமல் எதுவும் நடக்கும் என்ற ஆட்டங்களும் உண்டு, சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் ஆள் சேர்க்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் எதையும் சொல்வதே இல்லை. அப்படியிருந்தும் இரண்டாம் ராத்திரிக்குள் டிடெக்டிவ் யார் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். எப்படி?

உங்கள் நேரம் சொல்லிக்கொடுக்கிறது.

வீடியோ காலில் நடத்துகிறீர்கள் என்றால், "டிடெக்டிவ், கண்ணைத் திறங்கள்" என்று சொல்லி எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? டிடெக்டிவ் செத்த பிறகும் அதே நேரம் காத்திருக்கிறீர்களா? பலர் செத்தவரின் ரோலை இரண்டு விநாடியில் தாண்டிவிடுவார்கள். கண்ணை மூடியிருப்பவருக்குக் காது கூர்மை. செத்த ரோலையும் அதே குரலில் கூப்பிட்டு, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எழுத்தில் நடத்தும் ஆட்டத்தில் கசிவு வேறு மாதிரி. எல்லாருடைய ராத்திரி வேலையும் வந்து சேர்ந்த உடனே முடிவைப் போடுகிறவர் நீங்கள் என்றால், கவனிக்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள். காலை முதல் ஒருவர் ஆன்லைனிலேயே இல்லை, அவர் வந்து ஐந்தே நிமிடத்தில் உங்கள் அறிவிப்பு விழுகிறது. அவரிடம் ராத்திரி வேலை ஏதோ இருந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். ராத்திரி 9 மணிக்கு முடிவு என்று அறிவித்தால், மத்தியானமே எல்லாம் வந்துவிட்டாலும் 9 மணிக்குத்தான் போட வேண்டும்.

ரோல் அனுப்புவதும் அப்படியே. டிடெக்டிவுக்கு பத்து வரி விளக்கம், ஊர்க்காரருக்கு "நீ ஊர்க்காரன், என்ஜாய்" என்று ஒரு வரி அனுப்பினால், யாருக்கு "டைப்பிங்..." எவ்வளவு நேரம் ஓடியது என்று அவரே குழுவில் வந்து உளறுவார். எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்து ஒட்டிவிடுங்கள்.

ஒருவர் தனக்கு நான் அனுப்பிய ரோல் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். "பாருங்கள், நான் ஊர்க்காரன்!" ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரி. நீங்கள் அனுப்பியதை அப்படியே எடுத்துக்காட்டக் கூடாது என்பதை முதல் விதியாகவே போடுங்கள். அப்புறம் இன்னொன்றும் செய்யுங்கள். சாதாரண ஊர்க்காரருக்குப் போகும் செய்தியின் மாதிரியைத் தொடங்கும்போதே எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் "உன் செய்தியில் இரண்டாவது வரி என்ன?" என்று யாராவது கேட்பார், மாஃபியாக்காரர் திருதிருவென்று முழிப்பார். அவரைப் பிடிக்க வேண்டியது ஊர், உங்கள் எழுத்துநடை இல்லை.

ஆட்டத்தின் நடுவில் விதி பற்றிச் சந்தேகம் கேட்கிறார்கள். "டாக்டர் தன்னையே காப்பாற்றிக்கொள்ளலாமா?" என்று ஒருவர் குழுவிலேயே கேட்டுவிட்டார். பதில் சொன்னால் மாட்டிக்கொள்வார், சொல்லாவிட்டால் அநியாயம்.

பதில் சொல்லியே ஆக வேண்டும். அவர் மாட்டிக்கொண்டாரா, மாட்டிக்கொண்ட மாதிரி நடிக்கிறாரா என்பது ஊர் பார்த்துக்கொள்ளட்டும். இதே கேள்வியைக் கேட்டு டாக்டர் வேஷம் போடும் மாஃபியாக்காரர்கள் உண்டு. விதியை மட்டும் சொல்லுங்கள், "நல்ல கேள்வி 😄" என்று சேர்க்காதீர்கள். அந்த ஸ்மைலியை வைத்து அரைநாள் வாதாடுவார்கள்.

தனியாகக் கேட்டால் தனியாகவே சொல்லுங்கள், அவருடைய ரோல் பற்றி மட்டும். "இந்த ஆட்டத்தில் காட்ஃபாதர் இருக்கிறாரா?" என்றால், "விதிப்பட்டியலில் உள்ளதற்கு மேல் சொல்வதற்கில்லை" என்ற ஒரே பதில், யார் கேட்டாலும், ஒவ்வொரு முறையும். இல்லாதபோது "இல்லை" என்று சொல்லிப் பழகினால், இருக்கும்போது நீங்கள் மௌனமாவதே பதிலாகிவிடும்.

ஒருவர் பாதியில் விலகி, வேறொருவர் வந்தார். காரணம் சொல்லலாமா?

வேண்டாம். "இவருக்குப் பதில் இவர், ரோல் அதேதான்." போதும். பரீட்சை, ஊருக்குப் போகிறார் என்று எதைச் சொன்னாலும், "மாஃபியா ரோல் தாங்காமல் ஓடினான்" என்றுதான் படிப்பார்கள்.

யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று காட்டுவதா, எண்ணிக்கை மட்டுமா?

காட்டுங்கள். பெயரோடு. சாதாரண ஊர்க்காரருக்குக் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் ஓட்டுதான். மாஃபியாக்காரர் ஒருவர் வெளியேறிய பிறகு, அவருக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வந்து சேர்ந்த ஓட்டு யாருடையது, கடைசி வரை சேராமல் நின்றவர் யார் என்று திருப்பிப் பார்ப்பதில்தான் அடுத்த பகல் ஓடும். அமாங் அஸ்ஸில் ஓட்டை மறைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அங்கே யார் எங்கே நின்றார் என்பதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். உங்கள் ஆட்டத்தில் பார்க்க வேறு என்ன இருக்கிறது? ஓட்டை மாற்றினால் பழைய ஓட்டையும் பட்டியலில் விட்டுவையுங்கள்.

செத்தவர்களுக்குத் தனி அறை வைத்து எல்லா ரோலையும் சொல்லிவிடுகிறேன். பிரச்சினை வருமா?

செத்தவர் யாரும் உயிர்த்தெழ முடியாது, வெளியே பேசவும் மாட்டார்கள் என்றால் வைக்கலாம். அவர்களுக்குக் கொண்டாட்டமாகவும் இருக்கும். ஒரே வீட்டிலோ ஒரே ஹாஸ்டலிலோ இருக்கும் இருவர் ஆட்டத்தில் இருந்தால் வேண்டவே வேண்டாம். சத்தமாக ஒரு சிரிப்பு போதும்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியிடலாமா?

ராத்திரி யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியலைக் கண்டிப்பாகப் போடுங்கள், அதற்காகத்தான் தோற்றவர்கள் காத்திருப்பார்கள். மாஃபியாவின் ரகசிய அறையை அப்படியே திறந்துவிடும் முன் மட்டும் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே ஊர்க்காரர்களைப் பற்றி அடித்த கிண்டல் எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்றாலும், பெயர் போட்டு "இவளை ஈசியா ஏமாத்தலாம்" என்று இருக்கும் வரியை அவர் படிக்க வேண்டுமா என்று எழுதியவரே முடிவு செய்யட்டும்.