பூம்பாறைப் பள்ளத்தாக்கில் படப்பிடிப்பு: கேள்வி பதில்

கொடைக்கானல் மேல்மலையில், ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கும் பூம்பாறையில் படம் பிடிக்கத் திட்டமிடுபவர்கள் கேட்ட கேள்விகளும் லொகேஷன் மேற்பார்வையாளரின் பதில்களும்.

ஜனவரியில் மூன்று நாள் ஷூட். காலை 6.30-க்கு முதல் ஷாட் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வெயில் இருக்காது. அந்த மாதம் சூரிய உதயம் 6.40 வாக்கில். கிழக்கு முகட்டைத் தாண்டிய பிறகுதான் பள்ளத்தாக்கின் தரைக்கு வெயில் இறங்கும். எவ்வளவு தாமதம் என்பதை ரெக்கி (முன்கூட்டியே இடம் பார்ப்பது) போகும்போதே அளந்துவிடுங்கள். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. கண் மட்டத்திலிருந்து முகடு ஒன்றரை முஷ்டி உயரம் என்றால் 15 டிகிரி. நம் பகுதியில் சூரியன் மணிக்கு ஏறக்குறைய 14 டிகிரி ஏறும். ஆக, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாமதம். வெயில் வர 7.45 ஆகும். மேற்கு முகடு இரண்டு முஷ்டி என்றால் மாலையில் 4.45-க்கே வெயில் போய்விடும். கால்ஷீட்டை இந்த இரண்டு நேரத்தை வைத்துப் போடுங்கள்.

நிழல் விழுந்த பிறகும் வானம் வெளிச்சமாகவே இருக்கும். குளோசப்புக்கு அருமையான நேரம் அது. பின்னணியில் எதிர்ச்சரிவை மட்டும் வைக்காதீர்கள். அங்கே இன்னும் வெயில் அடிக்கும். முகத்துக்கும் அதற்கும் மூன்று நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வித்தியாசம் வந்துவிடும்.

பாதிக் காட்சியில் மேகம் இறங்கிவிட்டால் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் ஒட்டிப்போவது) என்ன ஆவது?

வைடு ஷாட்டை முதலில் எடுத்துவிடுங்கள், இதில் பேரமே கிடையாது. மேகம் வந்தால் முதலில் காணாமல் போவது தூரத்துச் சரிவுதான். பத்தடியில் நிற்பவரின் முகத்தில் பெரிய மாற்றம் தெரியாது. காமிராவை இன்னும் நெருக்கி, பின்னணியில் மண்சுவரோ மரமோ வரும்படி வைத்தால் ஒட்டிப்போகும். மேகம் பொதுவாக மதியத்துக்கு மேல்தான் ஏறும் என்பதால் வைடு எல்லாம் காலையிலேயே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது மூன்று நாள் வேலைக்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள்.

சத்தம் கேட்காமல் இருக்க ஜெனரேட்டரை 100 மீட்டர் தள்ளி வைத்தோம். லைட் மங்குகிறது. ஏன்?

இரண்டு காரணம். முதலாவது கேபிள். 4 சதுர மி.மீ. தாமிர கேபிளில் 100 மீட்டருக்கு, போக வர இரண்டு கம்பியும் சேர்த்து சுமார் 0.92 ஓம். 20 ஆம்பியர் இழுத்தால் 18 வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 என்பது 212 ஆகிவிடும். 10 சதுர மி.மீ. கேபிள் போட்டால் இழப்பு சுமார் 7 வோல்ட்தான். இரண்டாவது உயரம். பூம்பாறை ஏறக்குறைய 1900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத டீசல் என்ஜின் 15 முதல் 20 சதவீதம் வரை சக்தி இழக்கும். 25 கே.வி.ஏ. என்று எழுதியிருப்பதை 20 என்று வைத்து லோடு கணக்குப் போடுங்கள்.

சத்தத்துக்குத் தூரத்தைவிட மறைவுதான் முக்கியம். எதிரே பாறைச்சுவர் இருந்தால் 100 மீட்டரிலும் எதிரொலி திரும்பி மைக்கில் விழும். சரிவின் ஒரு மடிப்புக்குப் பின்னால் 50 மீட்டரில் வைத்தாலே போதும்.

பூண்டுத் தோட்டத்துக்குள் டிராலி (டிராக் எனும் தண்டவாளத்தில் காமிராவை நகர்த்தும் வண்டி) போட ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா?

ஒத்துக்கொள்வார்களா என்பதற்கு முன், அந்த மண் தாங்குமா என்று பாருங்கள். படிக்கட்டுத் தோட்டத்தில் கல் அடுக்கிய கரைதான் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. மழை பெய்து ஊறிய மறுநாள், ஓரத்தில் டிராக்கும் நாலு பேரும் ஏறினால் கல் வெளியே தள்ளிக்கொள்ளும். ஒரு கரை சரிந்தால் கீழ்ப்பாத்தியும் போச்சு. விளிம்பிலிருந்து நாலடி உள்ளே தள்ளிப் போடுங்கள். டிரைபாட் காலுக்கு ஒன்றரை அடிச் சதுரப் பிளைவுட். நடப்பது வரப்பில் மட்டும்.

பூண்டு நாலு மாதப் பயிர். நாள் வாடகை வேறு, மிதிபட்ட பாத்திக்கு நஷ்டஈடு வேறு. இரண்டையும் முன்கூட்டியே பேசி, பட்டாதாரரிடம் கையெழுத்து வாங்குங்கள். குத்தகைக்குப் பயிர் வைத்தவர் வேறு ஆள் என்றால் நஷ்டஈடு அவர் கையில் போய்ச் சேர வேண்டும். இதில் தவறினால் ஒரு குடும்பத்தின் நாலு மாத உழைப்பு போகிறது.

வேறு என்னென்ன அனுமதி?

வெளியூர் வண்டிகள் ஒவ்வொன்றுக்கும் இ-பாஸ். 2024 மே முதல் இது நடைமுறை. காட்டின் எல்லைக்குள் கால் வைத்தால் வனத்துறை அனுமதி. குழந்தை வேலப்பர் கோயிலுக்குள் எடுப்பதென்றால் பழனி தேவஸ்தானம். ஆடோ குதிரையோ நடித்தால் விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி. இதற்கு நாளாகும், முதலில் விண்ணப்பியுங்கள். டிரோனுக்கு, அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வான்வெளி வரைபடத்தில் மண்டலம் பார்க்க வேண்டும்; பச்சை மண்டலத்தில் உச்சவரம்பு 120 மீட்டர். ரிட்டர்ன் டு ஹோம் (டிரோன் தானாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது) உயரத்தை வழியில் இருக்கும் முகட்டுக்கும் மரத்துக்கும் மேலே வையுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது நேராகச் சரிவில் மோதும்.

இரவுக் காட்சி முடிந்து அறைக்கு வந்ததும் லென்ஸுக்குள் பனி படிகிறது.

குளிர்ந்த கண்ணாடி மீது அறையின் ஈரக்காற்று படுவதால் வருவது. வெளியிலேயே கார்டையும் பேட்டரியையும் கழற்றி எடுத்துக்கொண்டு, காமிராவைப் பையில் வைத்து ஜிப்பை மூடி, அப்படியே அறைக்குள் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். ஹீட்டர் பக்கம் வைக்கவே கூடாது. பேட்டரியைக் காலை வரை போர்வைக்குள் வைத்திருங்கள்; குளிரில் கிடந்தால் முழு சார்ஜ் இருந்தும் சீக்கிரம் இறங்கிவிடும்.