"அவர் யூதர்தானே, எழுதினா என்ன தப்பு?"

அன்புள்ள சார்,

உலகச் செய்திகளைச் சுருக்கி எழுதுற ஒரு பக்கத்தை நான் ரொம்ப நாளா ஃபாலோ பண்றேன். வெளிநாட்டுப் பத்திரிகையில வர்றத எளிமையா எழுதித் தருவாங்க. போன வாரம் ஒரு நிதி மோசடி பத்தி எழுதியிருந்தாங்க, முதல் வரியே "யூதத் தொழிலதிபர்"னு ஆரம்பிச்சுது. எனக்கு ஏதோ உறுத்துச்சு, மூலச் செய்தியைத் தேடிப் படிச்சேன், அதுல அந்த ஆளோட மதம் பத்தி ஒரு வரிகூட இல்ல. கமெண்ட்ல கேட்டதுக்கு "அவர் யூதர்தானே, பொய்யா எழுதிட்டோம்?"னு பதில் வந்துச்சு. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட சொன்னேன், "காஸாவுல இவ்வளவு நடக்குது, உனக்கு இதுதான் கவலையா, நீ இஸ்ரேல் பக்கம் போயிட்டியா"ன்னு கேட்டான். அது இன்னும் கஷ்டமா போச்சு. நான் கேட்டது தப்பா சார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தப்பே இல்ல. மூலச் செய்தியைத் தேடிப் போய்ப் படிச்சீங்களே, அதைச் செய்றவங்க ரொம்பக் குறைவு, அதனாலதான் இந்த மாதிரி எழுதுறது இவ்வளவு சுலபமா நடக்குது.

"பொய்யா எழுதிட்டோம்?"ங்கிற கேள்வியையே முதல்ல எடுத்துக்கிறேன். முதலீட்டாளர்கள் பணத்தைப் பெரிய அளவுல சுருட்டின அமெரிக்க நிதி மோசடிக்காரர் பெர்னி மேடாஃப் 2008 டிசம்பர்ல கைதானார், அடுத்த வருஷம் 150 வருஷ சிறைத் தண்டனை. அவர் யூதர்ங்கிறதை விடாம எழுதினவங்க அப்பவும் இருந்தாங்க, இப்பவும் இருக்காங்க. அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி, 2001ல என்ரான்ங்கிற அமெரிக்க எரிசக்திக் கம்பெனி கணக்கு மோசடியில திவாலாச்சு, அதோட தலைவர் கென்னத் லே, அவரோட அப்பா ஒரு பாப்டிஸ்ட் கிறிஸ்தவப் போதகர். என்ரான் கதையைத் திருப்பி எழுதின யாராவது "கிறிஸ்தவத் தொழிலதிபர்"னு ஆரம்பிச்சு நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல. லே கிறிஸ்தவர்ங்கிறதும் பொய் இல்லையே, ஆனா அதை எழுதணும்னு யாருக்கும் தோணல, ஏன்னா அவர் பண்ணதுக்கும் அவர் சர்ச்சுக்குப் போனதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். மேடாஃப் விஷயத்துல மட்டும் அந்தத் தெளிவு காணாமப் போயிடுது.

இன்னொண்ணு சொல்லணும். மேடாஃப் கதையில மதம் நிஜமாவே ஒரு இடத்துல வரும். அவர்கிட்ட ஏமாந்தவங்கள்ல பெரிய பகுதி யூத அறக்கட்டளைகளும் யூதக் குடும்பங்களும்தான். யெஷிவாங்கிற யூதப் பல்கலைக்கழகம் பணத்தை இழந்துச்சு. நாஜிகளோட ஆஷ்விட்ஸ் முகாம்ல இருந்து உயிரோட வந்து 1986ல அமைதிக்கான நோபல் வாங்கின எலி வீசலோட அறக்கட்டளை கிட்டத்தட்ட மொத்தப் பணத்தையும் இழந்துச்சு. நம்மாளுதானேன்னு நம்பிக் குடுத்தாங்க, அந்த நம்பிக்கையை வச்சே ஏமாத்தினார். இதை எழுதினா மதம் செய்தியோட ஒரு பகுதி. ஆனா "யூத மோசடிக்காரர்"னு எழுதுறவங்க பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான் விட்டுடறாங்க, ஏமாத்தினவன் யூதர்னு ஞாபகம் இருக்கு, ஏமாந்தவங்க யூதர்னு ஞாபகம் இல்ல. அந்தப் பக்கத்துக்கு நீங்க சொல்லவேண்டிய பதில் இதுதான்: எழுதினது பொய்யான்னு நான் கேக்கல, எதுக்காக எழுதினீங்கன்னு கேக்குறேன்.

இப்ப கொஞ்சம் பெரிய விஷயத்துக்கு வர்றேன். செய்தியைத் திருப்பிச் சொல்லும்போது முழுப் பொய் ஒண்ணை உண்டாக்கத் தேவையே இல்ல, நிஜச் செய்தியில ஒரு ரெண்டு இடத்தைத் திருப்பினா போதும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் ஜெருசலேம் போஸ்ட் பத்திரிகையில ஒரு செய்தி வந்துச்சு, தாக்குதல் நடந்த பகுதிகள்ல இருந்திருக்கலாம்னு நம்பப்படுற சுமார் 4000 இஸ்ரேலியர்களோட பேர் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்துக்கு வந்திருக்குன்னு. நியூயார்க் பக்கம் யாரோ ஒருத்தர் இருந்து, போன் போகாம, உயிரோட இருக்காங்களான்னு தெரியாம தவிச்ச குடும்பங்களோட கணக்கு அது. ஒரு வாரம்கூட ஆகல, செப்டம்பர் 17ஆம் தேதி லெபனான்ல ஹிஸ்புல்லாவோட அல் மனார் சேனல் அதே 4000ஐ எடுத்து, உலக வர்த்தக மையத்துல வேலை பார்த்த 4000 யூதர்கள் அன்னைக்கு வேலைக்கே வரலன்னு சொல்லுச்சு. இஸ்ரேலியர் யூதர் ஆயிட்டாங்க, "அங்க இருந்திருக்கலாம்"ங்கிறது "அங்க வரல"ன்னு ஆயிடுச்சு, எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்துச்சு, அந்த எண்ணிக்கைதான் கேக்குறவங்களுக்கு நம்பிக்கையைக் குடுத்துச்சு. அன்னைக்குச் செத்துப்போனவங்கள்ல சில நூறு பேர் யூதர்கள். அவங்க வீட்ல துக்கம் முடியறதுக்கு முன்னாடியே, உங்காளுங்களுக்கு முன்னாடியே தெரியும்னு உலகம் பூரா இமெயில்ல சுத்த ஆரம்பிச்சாச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் இது சுத்திக்கிட்டேதான் இருக்கு, யாராவது ஒருத்தர் புதுசா கண்டுபிடிச்ச மாதிரி அதை எழுதுறப்பல்லாம் எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கும்.

இப்படி எழுதுறதுல யூதர்களுக்கு மட்டும்தான் நஷ்டம்னு நினைச்சிடாதீங்க. 2018 நவம்பர்ல கலிஃபோர்னியாவுல பாரடைஸ்ங்கிற ஊரே எரிஞ்சு போச்சு, 85 பேர் செத்தாங்க. பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக்ங்கிற மின்சாரக் கம்பெனியோட உயர் அழுத்த லைன்ல, கிட்டத்தட்ட நூறு வருஷம் பழசான ஒரு கொக்கி தேஞ்சு உடைஞ்சு, கம்பி அறுந்து தீப்பொறி விழுந்துச்சு. 2020ல அந்தக் கம்பெனியே கோர்ட்ல 84 பேரோட மரணத்துக்குக் குற்றத்தை ஒத்துக்கிச்சு. ஆனா தீ எரிஞ்ச அதே மாசத்துல, பின்னாடி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான மார்ஜோரி டெய்லர் கிரீன் ஃபேஸ்புக்ல ஒரு பதிவு போட்டாங்க, விண்வெளியில இருந்து வந்த ஒளிக்கற்றை தீயை மூட்டியிருக்கலாம்னு, அதுல ராத்ஸ்சைல்ட்ங்கிற யூத வங்கிக் குடும்பத்து நிறுவனத்தோட பேரையும் இழுத்துவிட்டு. யோசிச்சுப் பாருங்க, லைனைப் பராமரிக்காம விட்டது ஒரு கம்பெனி, அதைக் கேள்வி கேக்கவேண்டிய கோபம் வானத்துக்கும் ஒரு யூதக் குடும்பத்துக்கும் போகுது. வீடு எரிஞ்சவங்களுக்கு இதனால என்ன கிடைக்கும்? யூதர்தான் காரணம்னு முடிக்கிற ஒவ்வொரு கதையிலயும் நிஜமான குற்றவாளி கூட்டத்துக்குள்ள நழுவிப் போயிடறான், நான் இந்த விஷயத்துல இவ்வளவு கோபப்படுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ராத்ஸ்சைல்ட் பேர் எப்பவும் தயாரா இருக்கே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா அதுவும் செய்தியைத் திருப்பிச் சொன்னதுதான். நாதன் ராத்ஸ்சைல்ட் 1815ல நெப்போலியன் தோத்த வாட்டர்லூ போரை நேர்ல பாத்துட்டு, புயல்ல கடலைத் தாண்டி லண்டனுக்கு வந்து, யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி ஷேர் மார்க்கெட்ல கோடி கோடியா அள்ளினார்னு ஒரு கதை. அவர் வாட்டர்லூ பக்கமே போகல. 1846ல பாரிஸ்ல "சாத்தான்"ங்கிற புனைபெயர்ல வந்த ஒரு துண்டுப் பிரசுரம்தான் இந்தக் கதையைப் பரப்புச்சு, அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே நாதன் இறந்துட்டார், மறுத்துப் பேச ஆளில்ல. 1940ல நாஜிகள் இதையே சினிமாவா எடுத்தாங்க. இன்னைக்கு வீடியோவுல பின்னணி இசையோட சொல்றவர் இதே கதையைத்தான் சொல்றார், தான் யாரோட பிரசுரத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கோம்னு அவருக்கே தெரியாது.

இதெல்லாம் வெறும் பேச்சுதானேன்னு சொல்றவங்களுக்கு நான் பிட்ஸ்பர்கைத்தான் ஞாபகப்படுத்துவேன். 2018 அக்டோபர்ல ஹோண்டுராஸ்ல இருந்து வறுமைக்கும் வன்முறைக்கும் பயந்து ஆயிரக்கணக்கான ஜனங்க கூட்டமா அமெரிக்க எல்லையை நோக்கி நடந்தாங்க. செய்தி அவ்வளவுதான். திருப்பிச் சொன்னவங்க "இவங்களுக்குப் பணம் குடுக்கிறது யாரு?"ன்னு ஒரு கேள்வியைச் சேர்த்தாங்க, பதிலா ஜார்ஜ் சோரோஸ்ங்கிற யூதக் கோடீஸ்வரர் பேரைச் சேர்த்தாங்க, ஆதாரம்னு ஒண்ணும் கிடையாது, கேள்வியாத்தானே கேட்டோம்னு தப்பிச்சுக்கவும் வசதி. அதே மாசம் சோரோஸ் வீட்டுத் தபால் பெட்டியில வெடிகுண்டு வந்துச்சு. அக்டோபர் 27, சனிக்கிழமை காலையில, பிட்ஸ்பர்க் நகரத்துல ட்ரீ ஆஃப் லைஃப் யூத ஜெப ஆலயத்துக்குள்ள ஒருத்தன் துப்பாக்கியோட நுழைஞ்சு 11 பேரைக் கொன்னான், அதுல மூத்தவருக்கு 97 வயசு. உள்ள போறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி, அகதிகளுக்கு உதவுற ஒரு யூத அமைப்பு "படையெடுப்பாளர்களை" கூட்டிட்டு வருதுன்னு ஆன்லைன்ல எழுதிட்டுப் போயிருந்தான். அந்த வாக்கியத்தை அவன் கண்டுபிடிக்கல, படிச்சிருந்தான்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடக்கும், அதையும் கவனிங்க. யூதர்கள் மேல குற்றம் இருந்தா அடையாளம் முதல் வரிக்கு வரும், அவங்க பலியானா அடையாளம் மெதுவா மறைஞ்சு போயிடும். 1941 செப்டம்பர் 29, 30 ரெண்டே நாள்ல கீவ் நகரத்துக்கு வெளியே பாபி யார் பள்ளத்தாக்குல நாஜிகள் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்னாங்க, இந்த எண்ணிக்கை அவங்களே எழுதி வச்ச அறிக்கையில இருக்கு. சோவியத் அரசு அங்க 1976ல வச்ச நினைவுச் சின்னத்துல சோவியத் குடிமக்கள், போர்க் கைதிகள்னுதான் எழுதியிருந்துச்சு, யூதர்ங்கிற பேச்சே இல்ல. அங்க வேற ஜனங்களும் பின்னாடி கொல்லப்பட்டாங்க, அது உண்மை, ஆனா அந்த ரெண்டு நாள்ல அவங்களை வரிசையில நிறுத்தினதே யூதர்ங்கிற ஒரே காரணத்துக்காகத்தானே, அந்தக் காரணத்தையே எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? இது ஏதோ பழைய கதையும் இல்ல. 2022 ஜனவரியில டெக்சாஸ்ல கோலிவில்ங்கிற ஊர்ல ஒருத்தன் யூத ஆலயத்துல வழிபாட்டுக்கு வந்தவங்களைப் பிணைக் கைதியா பிடிச்சான், யூதர்கள் நினைச்சா அமெரிக்க ஜெயில்ல இருக்கிற ஒரு கைதியை விடுவிக்க வச்சிடலாம்னு நம்பித்தான் அந்த இடத்தையே தேடி வந்தான். எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருத்தர் முதல்ல சொன்ன ஒரு வார்த்தையை வச்சு, அவனோட கோரிக்கைக்கும் யூத சமூகத்துக்கும் சம்பந்தமில்லன்னு பல இடத்துல செய்தி வந்துச்சு. எஃப்.பி.ஐ. பின்னாடி அதைத் திருத்தி, யூதர்களைக் குறிவச்ச பயங்கரவாதம்னு சொன்னுச்சு, திருத்தம் முதல் செய்தி போன தூரத்துக்குப் போகல.

இப்ப உங்க ஃப்ரெண்டு கேட்டது. அவர் கோபத்தை நான் மதிக்கிறேன். காஸாவுல பல்லாயிரம் பேர் செத்திருக்காங்க, அதுல குழந்தைங்க எத்தனை பேர், அதை எழுதணும், திரும்பத் திரும்ப எழுதணும், செஞ்சவங்க பேரைச் சொல்லி எழுதணும். பேரைச் சொல்லிங்கிறதுதான் விஷயமே. நெதன்யாகு, அவரோட அமைச்சரவை, ராணுவம், எந்தத் தளபதி, எந்த உத்தரவு. 2024 நவம்பர்ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் கைது வாரண்ட் போட்டப்ப இஸ்ரேல் தரப்புல நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கேலன்ட்னு ரெண்டு பேரோட பேரைத்தான் போட்டுச்சு, ஒரு மதத்தோட பேரைப் போடல. 2023ல மாசக்கணக்கா அதே நெதன்யாகு அரசுக்கு எதிரா லட்சக்கணக்குல தெருவுக்கு வந்தவங்களும் பெரும்பாலும் யூதர்கள்தான். "யூதர்கள் குழந்தைகளைக் கொல்றாங்க"ன்னு ஒருத்தர் சுருக்கி எழுதினா, அது ஐரோப்பாவுல 12ஆம் நூற்றாண்டுல இருந்து பொய்யா சொல்லிச் சொல்லி ஜனங்களைக் கொல்ல வச்ச அதே வாக்கியம், அதைக் கேட்டுக் கல்லெறியறவன் கண்ணுக்குப் படுறது ஏதோ ஒரு நாட்டுல கடை வச்சிருக்கிற ஒரு யூதக் கிழவர், நெதன்யாகு அங்க இல்ல. காஸாவுக்காக அழற மனசுக்கு இதைப் புரிஞ்சுக்கிறது கஷ்டமா இருக்காதுன்னு நான் நம்புறேன். ஒரு குண்டுவெடிப்புக்காக எல்லா முஸ்லிமையும் சந்தேகத்தோட பாக்குற எழுத்து எவ்வளவு அநியாயம்னு உங்க ஃப்ரெண்டுக்கு நிச்சயம் தெரியும், நான் கேக்குற நியாயமும் அதேதான்.

உலகத்துல யூதர்கள் மொத்தமே ஒன்றரை கோடிக்குக் கொஞ்சம் மேல, ஆயிரத்துல ரெண்டு பேர். செய்தி படிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க வாழ்நாள்ல ஒரு யூதரைக்கூட நேர்ல பாத்திருக்க மாட்டாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச யூதர் யாரோ ஒருத்தர் எழுதிக் காட்டின யூதர்தான். அதனால எழுதுறவங்களுக்கு இங்க பொறுப்பு ரொம்ப அதிகம்.

அந்தப் பக்கத்துக்கு மறுபடி எழுதுங்க, சண்டை போடற மாதிரி வேண்டாம். இதுக்கு முன்னாடி நீங்க எழுதின மோசடிச் செய்திகள்ல வேற யாரோட மதத்தையாவது முதல் வரியில போட்டிருக்கீங்களான்னு மட்டும் கேளுங்க, மூலச் செய்தியோட லிங்க்கையும் குடுங்க. சுருக்கி எழுதுற நிறைய பேர் யோசிக்காமதான் இதைப் பண்றாங்க, வேற எங்கேயோ அப்படிப் படிச்சிருப்பாங்க, கை தானா எழுதிடும், எடுத்துச் சொன்னா திருத்துறவங்களும் இருக்காங்க. திருத்தலைன்னா அன்ஃபாலோ பண்ணிடுங்க. கண்டிக்கிறதுக்காகக்கூட அந்தப் பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பகிர வேண்டாம், நீங்க மேல எழுதுற கண்டனத்தை வெட்டிட்டு படம் மட்டும் நாலு குரூப்புக்குப் போயிடும்.