லக்ரோஸுக்காக ஸ்கூல் மாத்தலாமா?

கேள்வி: பையன் எட்டாவது படிக்கிறான், லக்ரோஸ்ல (வலை வச்ச குச்சியால பந்தப் பிடிச்சு எறிஞ்சு கோல் போடுற ஆட்டம்) மிட்ஃபீல்ட், அதாவது நடுக்களத்துல ஆடுறான், நாங்க இருக்குறது பால்டிமோர் பக்கம். பக்கத்துல இருக்குற பப்ளிக் ஸ்கூலே போதுமா, இல்ல லக்ரோஸுக்குப் பேர்போன பிரைவேட் ஸ்கூல்ல பணம் கட்டிச் சேர்த்தாதான் காலேஜ் கோச்சுங்க கண்ணுல படுவானா? எட்டாவதையே இன்னொரு வருஷம் படிக்க வைங்கன்னு வேற சிலர் சொல்றாங்க.
- ஒரு அம்மா, மேரிலாந்து

பதில்: பால்டிமோர்ல இருந்துக்கிட்டு இந்தக் கேள்வி வராம இருந்தாதாங்க ஆச்சரியம். கால்வர்ட் ஹால், மெக்டோனோ, பாய்ஸ் லேட்டின் மாதிரி ஸ்கூலுங்க மோதுற லீக்ல ஆடினா பையன் தேறுவான்ங்குறதுல சந்தேகமே இல்ல, தினமும் பிராக்டிஸ்ல எதிர்ல நிக்கிறவனே பெரிய ஆளா இருப்பான்ல.

ஆனா ஒண்ணு யோசிங்க. ஸ்கூல் சீசன் ஸ்பிரிங்ல, காலேஜ் சீசனும் அதே ஸ்பிரிங்லதான், கோச்சுக்கு அவர் டீமோட மேட்ச் தலைக்கு மேல கெடக்கும், அப்போ உங்க பையன் ஆட்டத்துக்கு எத்தன தடவ வந்துடுவாரு? அவங்க மொத்தமா வந்து உக்காந்து பாக்குறது சம்மர்ல நடக்குற கிளப் டோர்னமென்ட்லதான், அதனால நல்ல கிளப்ல இருந்தான்னா ஸ்கூல் பேரு ரெண்டாம்பட்சம். பெரிய ஸ்கூல்ல ரெண்டு வருஷம் ஜேவி (ஸ்கூலோட ரெண்டாம் டீம்), அப்புறம் வார்சிட்டி (முதல் டீம்) பெஞ்சுன்னு உக்காந்திருந்தா ஆட்டமும் வளராது, அனுப்புறதுக்கு நல்ல வீடியோவும் தேறாது, இத நானே பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், பாவமா இருக்கும்.

அவசரமும் வேணாம். முன்னாடி காலேஜ் கோச்சுங்க ஒம்பதாவது பசங்களக்கூட வளைச்சுப் போட்டாங்க, 2017ல ரூல் மாத்திட்டாங்க, இப்போ டிவிஷன் 1 (காலேஜ் விளையாட்டுல மேல்மட்டம், டிவிஷன் 3 கீழ்மட்டம்) கோச்சுங்க பதினொண்ணாவது வருஷம் செப்டம்பர் 1க்கு முன்னாடி பையன்கிட்ட பேசக்கூடாது. அதாவது அன்னிக்கு அவங்க கையில இருக்கப்போறது ஒம்பதாவது, பத்தாவது மார்க்கும்தான்.

மார்க்னு சொன்னது சும்மா இல்லீங்க, ஆட்டத்த மட்டும் நம்பி காலேஜ் பணம் வந்துடாது. ஐவி லீக்ல (ஹார்வர்ட், யேல் மாதிரி எட்டு பழைய பேர்போன யுனிவர்சிட்டிங்க) விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கெடையாது, வீட்டு வருமானத்தப் பாத்துதான் உதவி, டிவிஷன் 3லயும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்ல. டிவிஷன் 1லயே ஆண்கள் டீம் மொத்தத்துக்கும் 12.6 ஸ்காலர்ஷிப்தான் ரொம்ப வருஷமா, அத நாப்பது பேருக்கு மேல பிச்சுக் குடுத்தாங்க. 2025ல அந்தக் கணக்கு போயி, காலேஜே ஆட்டக்காரங்களுக்கு நேரா பணம் குடுக்கலாம்ங்குற புது ஏற்பாட்டுக்கு ஒத்துக்கிட்ட காலேஜ்ல டீமுக்கு 48 பேர்தான்னு வரம்பு வந்துடுச்சு. ஸ்கூல் ஃபீஸ் கட்டுனா காலேஜ் ஃபீஸ் மிச்சமாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

திரும்பப் படிக்கிற விஷயம்: ஒடம்பு இன்னும் வளரலன்னா, வயசுலயும் சின்னவன்னா யோசிக்கலாம், ஆனா செய்றதா இருந்தா எட்டாவதுலயே செஞ்சிடணும். ஒம்பதாவது சேர்ந்ததுலேர்ந்து நாலு வருஷத்துக்குள்ள 16 கோர் கோர்ஸ் (இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ் மாதிரி முக்கியப் பாடங்க) முடிக்கணும்னு காலேஜ் விளையாட்ட நடத்துற என்சிஏஏவோட கணக்கு, அதுக்கப்புறம் வருஷத்த இழுத்தா சிக்கல். லக்ரோஸுக்காக மட்டும்னா நான் செய்ய மாட்டேன்.

பிரைவேட் ஸ்கூலப் போயிப் பாக்கும்போது கோப்பை வச்சிருக்குற அலமாரிய விடுங்க, கோச்சுகிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: இப்போ பத்தாவதுல இருக்குற மிட்ஃபீல்டர்ல எத்தன பேர் வார்சிட்டில ஆடுறாங்க, போன வருஷம் பெஞ்சுல இருந்த பசங்க எந்தக் காலேஜ் போனாங்க. ரெண்டாவது கேள்விக்கு அவர் தடுமாறுனார்னா பக்கத்து ஸ்கூல்லயே சேர்த்துடுங்க.