இரண்டு ட்ரம்பெட்டா, ஆறா?

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் மேலைத்தேய இசை கற்பிக்கிறேன். நின்றுபோன பாண்ட் வாத்தியக் குழுவை மீண்டும் தொடங்க, எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளை பணம் சேர்த்திருக்கிறது. அந்தப் பணத்துக்குப் புதிய யமஹா ட்ரம்பெட் இரண்டு வரும். அதே அமைப்பைப் பார்த்துச் சீனாவில் செய்தவை என்றால் ட்ரம்பெட் ஆறும், தாழ்ந்த குரலில் ஒலிக்கும் பெரிய பித்தளை வாத்தியமான யூபோனியம் ஒன்றும் வரும். "நகலை வாங்குவது களவுக்குத் துணை போவது" என்கிறார் சங்கத்தில் ஒருவர். "வன்னிப் பிள்ளைகளுக்கு இது போதும்" என்கிறார் இன்னொருவர். பெப்ரவரியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வருகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

"இது போதும்" என்றவருக்கே முதலில் பதில் சொல்லத் தோன்றுகிறது. அந்தச் சொல்லை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த பாடசாலை ஒன்றில் பாண்ட் பழக்கினேன். அன்பளிப்பாக வந்த மலிவு ட்ரம்பெட்டுகள் கண்ணைப் பறித்தன. தரம் எட்டில் படித்த பிள்ளை ஒருத்திக்குக் கீழ்ச் சுரங்கள் மட்டும் பிடிபடவே இல்லை. ஊதினால் பாதி காற்றாகவே வந்தது. உதட்டை இறுக்காதே, மூச்சை அடக்கு என்று இரண்டு கிழமை அவளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அதை வாங்கி நானே ஊதிப் பார்த்தேன். எனக்கும் அதே காற்றுத்தான் வந்தது. விரலால் அழுத்தும் பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்கும் உறைக்கும் இடையில் காற்றுக் கசிவு. அதற்குள் அந்தப் பிள்ளை, தனக்கு இசை வராது என்று முடிவு கட்டிவிட்டாள். மலிவான கருவியால் வருகிற பெரிய நட்டம் இதுதான். பழுது கருவியில் இருப்பதைப் பெரியவர்கள் கண்டுபிடிக்கலாம். பிள்ளைக்குத் தன்னைக் குறை சொல்லத்தான் தெரியும்.

இனிக் களவு என்ற பேச்சுக்கு வருவோம். இன்று உலகெங்கும் ட்ரம்பெட்டில் காணும், அழுத்தினால் காற்றைக் கூடுதல் குழாய்க்குத் திருப்பும் பிஸ்டன் வால்வு, 1839இல் பாரிஸைச் சேர்ந்த பெரினே உருவாக்கியது. 1920களில் நியூயோர்க்கில் ட்ரம்பெட் செய்யத் தொடங்கிய வின்சென்ட் பாக், பிரான்சின் பெஸ்ஸோன் நிறுவனத்து ட்ரம்பெட்டை அடியொற்றியே தன்னுடையதைச் செய்தார். அவருடையதைப் பார்த்துச் செய்தவர்களுக்கு இன்று கணக்கில்லை. அடோல்ப் சாக்ஸ் 1846இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை பெற்றார். போட்டிப் பட்டறைகளோடு வழக்காடியே நொடித்துப்போனார். 1866இல் அந்தக் காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் சாக்ஸபோன் செய்தார்கள், கருவி பரவியது. யூபோனியத்தின் கீழ்ச் சுரங்களைச் சீர்செய்யும் ஈடுசெய் வால்வு முறையை லண்டன் பூசி நிறுவனத்தில் பிளெய்க்லி 1874இல் உருவாக்கினார். அதன் உரிமைக் காலமும் எப்போதோ கடந்துவிட்டது; இப்போது யமஹாவும் அந்த முறையில் யூபோனியம் செய்கிறது. காலம் முடிந்த அமைப்பைப் பார்த்துச் செய்வதில் களவு இல்லை. எங்கள் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் சீன இயந்திரங்கள் பலவும் ஹொண்டாவின் அமைப்பில் வந்தவைதானே!

ஆனால் பிறர் பெயரைப் பொறித்து விற்பது வேறு. நேற்று ஒருவர் பாடுபட்டு வடித்த புதிய அமைப்பை இன்று அச்சாக இறக்குவதும் எனக்கு உவப்பில்லை. "யமஹா" என்று பொறித்திருந்தும் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் தொட வேண்டாம். பொய்ப் பெயர் குத்தத் துணிந்தவர் வால்வை மட்டும் நேர்மையாகக் கடைந்திருப்பாரா?

வால்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பி-பிளாட் ட்ரம்பெட்டின் குழாயை நீட்டினால் ஏறத்தாழ 148 சென்ரிமீற்றர். முதல் வால்வு அதில் சுமார் 18 சென்ரிமீற்றரைக் கூட்டுகிறது, மூன்றாவது 28ஐ. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 46. ஆனால் அப்படி அழுத்தி எடுக்கும் சுரத்துக்குத் தேவை 49க்கு மேல். குறைகிற மூன்று சென்ரிமீற்றரால் சுருதி ஏறிவிடும். அதனால்தான் மூன்றாம் வால்வின் ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டக்கூடிய குழாயை, விரலால் தள்ளி நீட்டுகிறோம். மோசமான நகலில் அந்த ஸ்லைட் இறுகிக் கிடக்கும்; பத்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு அசையாது. வாங்கும்போது இதைத்தான் முதலில் பாருங்கள். பிறகு இரண்டாம் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை மெல்ல வெளியே இழுத்து, ஐந்து எண்ணிவிட்டு வால்வை அழுத்துங்கள். "டொப்" என்று சத்தம் கேட்டால் காற்றுக் கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் முடிவைக் கேட்டால், ட்ரம்பெட்டில் புதிய நகலும் வேண்டாம், புதிய யமஹாவும் வேண்டாம். கனடாப் பாடசாலைகள் பலவற்றில் பாண்ட் ஒரு பாடம். படித்து முடித்த பிள்ளைகளின் ட்ரம்பெட்டுகள் அங்கே பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். யமஹா மாணவர் ட்ரம்பெட்டின் பிஸ்டன் மோனெல் என்ற நிக்கல்-செம்புக் கலவையால் ஆனது. பத்துப் பதினைந்து வருடம் ஊதிய பிறகும் நன்றாக இருக்கும். மேலே சொன்ன சோதனையை அங்குள்ளவர்களே செய்து நான்கு வாங்கி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்துவிடட்டும். வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகும் குழாயில் செம்புள்ளிகள் தெரிந்தால் அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பித்தளையிலிருந்து நாகம் அரித்துப்போவதன் அடையாளம் அது.

யூபோனியத்துக்கு மட்டும் சீன நகலை வாங்கலாம் என்பேன். பெரிய கருவிகளில் விலை வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமானது. இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் போன்ற நிறுவனங்கள், சீனாவில் செய்வித்த கருவிகளைத் தங்கள் பெயரிலேயே வெளிப்படையாக விற்கின்றன. குறை வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கும் இடத்தில் வாங்குங்கள். அதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

மிச்சக் காசில் வால்வு எண்ணெய் தாராளமாக வாங்கி வையுங்கள். தேங்காய் எண்ணெய் விட அனுமதிக்காதீர்கள்; இரண்டே நாளில் பிசுபிசுத்து வால்வு எழும்பாது. மைதானத்துச் செம்புழுதி அதில் ஒட்டினால் பிஸ்டனைத் தேய்த்துவிடும். அணிநடைப் பயிற்சி முடிந்ததும் பிஸ்டன்களைக் கழற்றித் துடைத்து, இலக்கம் பார்த்து அதே துளையில் போட ஒவ்வொரு பிள்ளைக்கும் பழக்குங்கள்.

பெப்ரவரிக்குள் நான்கும் வந்து சேராவிட்டால், வந்ததோடும் மேளங்களோடும் அணிநடையை நடத்துங்கள். மற்றப் பிள்ளைகள் மவுத்பீஸை மட்டும் வைத்து ஊதிப் பழகட்டும். அதைத் தனியாக வாங்கலாம், விலையும் குறைவு.